எட்டாவது கைநாட்டு

கோட்டை பங்களாவில் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வரலாறு தொடங்கும். எட்டரைக்குள் முடிந்தாக வேண்டும். சேலத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் நடிக்கிறவர்களிலும் உண்டு, பார்க்க வந்தவர்களிலும் உண்டு. அதனால் துரை மலையேறுவது, காப்பிச் செடி வருவது, ரோடு போடுவது, சுதந்திரம் கிடைப்பது எல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்குள் நடந்துவிடும். மழை தூறினால் ரோடு போடுகிற காட்சியை விட்டுவிட்டு நேராகச் சுதந்திரத்துக்குப் போய்விடுவோம்.

கோட்டை என்று பெயர்தானே தவிர, அங்கே யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை. ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகிற ரோட்டில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, எந்தக் காலத்திலோ ஒரு துரை தன் ஆசைக்குக் கட்டிய கருங்கல் பங்களா அது. மொட்டைமாடிச் சுவரை மட்டும் கோட்டை மதில் மாதிரி மேடும் பள்ளமுமாக அமைத்திருக்கிறார். பல கை மாறி இப்போது ஒரு நிர்வாகம் அதைத் தங்கும் விடுதியாக நடத்துகிறது. அதன் முன்னால் இருக்கிற புல்வெளிதான் எங்கள் மேடை. இரண்டு கோடைகள் அங்கே இரவுக் காட்சி நடத்தினோம். பேக்கரிக்காரர், லாட்ஜில் வேலை செய்கிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், இரண்டு டீச்சர்கள், மலைக் கிராமங்களிலிருந்து வந்த விவசாயிகள் என்று முப்பது பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. காட்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு தட்டு தக்காளிச் சாதமும் சுக்குக் காப்பியும் பங்களா சமையற்கட்டிலிருந்து வரும். அதற்கே நாங்கள் அப்படி உழைத்தோம்.

நான் அப்போது பஜாரில் ஒரு பத்திரம் எழுதும் ஆபீசில் வேலை பார்த்தேன். பத்தொன்பது வருடம். முதலில் கையால் எழுதினேன், பிறகு கம்ப்யூட்டரில் அடித்தேன். ஊருக்கு நான் ரைட்டரம்மா. நடிப்பு எனக்கு வராது, மேடையில் நின்றால் சிரிப்பு வந்துவிடும். அதனால் சாமான்கள் பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள். தள்ளியது அவர்கள் தப்பு. எனக்கு டூப்ளிகேட் என்றாலே பற்றிக்கொண்டு வரும். சிப்பாய்களுக்குச் சிவப்புக் கோட்டு வேண்டுமென்று சேலத்தில் ஒரு கல்யாண பேண்டு செட்டாரிடம் வாடகைக்கு எடுத்தோம். தோளில் தொங்கிய பிளாஸ்டிக் ஜரிகையைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனையும் பிரித்துப் போட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது பேண்டு மாஸ்டர் பேசிய பேச்சு தனிக்கதை. தண்ணீர் எடுக்கிற காட்சிக்கு எவர்சில்வர் குடத்தோடு வந்த டீச்சரை மண்குடம் வாங்கி வரும்படி திருப்பி அனுப்பினேன். ஆம்பிளைகளிடம் கைக்கடிகாரங்களைக் கழற்றி வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்வேன். ஒரு சனிக்கிழமை காட்டெருமை ஒன்று புல்வெளியில் வந்து நின்றபோது, அது ஒன்றுதான் ரைட்டரம்மா கேட்ட ஒரிஜினல் சாமான் என்று பேக்கரிக்காரர் கிண்டல் செய்தார். அவர்தான் எங்கள் துரை. நிறத்தைப் பார்த்துக் கொடுத்த வேஷம்.

என் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்திரத்தில் எழுத்து முடிகிற இடத்துக்கும் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கும் நடுவில் வெற்றிடம் விடமாட்டேன். விரற்கடை இடம் இருந்தாலும் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கு என்று கேட்பார்கள். "காலி இடம் இருந்தா யாராச்சும் எதாச்சும் எழுதிருவாங்க" என்பேன். பத்தொன்பது வருடமாக எல்லோரிடமும் சொன்ன வாக்கியம்.

அந்த எல்லோரிலும் ஒருவர் எங்களோடு நடித்த கரடியூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். பங்களாவுக்குக் கீழே, வேலியை ஒட்டி, அவருக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. காப்பி, அதற்கு நிழலாக நிற்கிற மரங்களில் மிளகுக் கொடி, நாலு பலாமரம், மேட்டில் கொஞ்சம் சாமை. வீடும் அதற்குள்தான். வேறு நிலம் கிடையாது. அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்தபோது அந்தப் பத்திரத்தை எழுதியவள் நான். என் மேஜையில்தான், என் பேனாவால்தான், முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டாமல் அழகாகக் கையெழுத்துப் போட்டார். இதை நான் மறந்திருக்கக் கூடாது.

பங்களாக்காரர்களுக்கு அந்த ஒன்றரை ஏக்கர் வேண்டியிருந்தது. கார் நிறுத்தவும், நாலு காட்டேஜ் கட்டவும். மேனேஜர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். இரண்டாவது முறை கரடியூர்க்காரர் தரமுடியாது என்று சொல்லிவிட்டு ஒரு பலாப்பழத்தை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாராம். பஜாரில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். அதற்குப் பிறகும் அவர் காட்சிக்கு வந்தார் என்றால், நடிப்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை. கணீரென்ற குரல். மைக் வேண்டியதில்லை.

இரண்டாவது கோடையில் கதையில் ஒரு புதுக் காட்சியைச் சேர்த்தோம். மலையை துரைக்கு எழுதிக் கொடுத்த காட்சி. துரை ஒரு காகிதத்தை நீட்டுவார். மலைக்காரர்களின் பெரியவர் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைப்பார். பறை சட்டென்று நிற்கும். தீவட்டிகளை ஒவ்வொன்றாக அணைப்பார்கள். பெரியவர் வேஷம் கரடியூர்க்காரருக்கு.

முதல் ஒத்திகையிலேயே அவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க ரைட்டரம்மா, நான் கையெழுத்தே போடுவனுங்களே. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க."

"அண்ணா, நீங்க படிச்சது இருக்கட்டுங்க. அந்தக் காலத்துல உங்க ஆளுங்க யாருங்க படிச்சாங்க? கைநாட்டு வெச்சாத்தான் பாக்கறவங்களுக்கு உறைக்கும்."

சுற்றி நின்ற மூன்று பேர் சிரித்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் சொன்னது கதைக்குச் சரிதான். சொன்ன விதம் சரியில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியிலேயே அது தெரிந்தது, ஆனால் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

துரை நீட்டுகிற காகிதத்துக்கு ஒரு டீச்சர் சார்ட் பேப்பரைச் சுருட்டி ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தார். பள்ளி ஆண்டு விழா மாதிரி இருந்தது. காட்சி முடிந்ததும் ஜனங்கள் புல்வெளிக்கு வந்து எல்லாவற்றையும் பக்கத்தில் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இதைப் பார்த்தால் சிரிப்பார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆபீஸ் பீரோவில் பத்து ஸ்டாம்ப் பேப்பர்கள் சும்மா கிடந்தன. ஏதோ ஒப்பந்தத்துக்கென்று வாங்கி, அந்தப் பேச்சு முறிந்து, யாரும் வந்து கேட்காமல் ஒரு வருடமாக அங்கேயே இருந்தவை. எட்டு சனிக்கிழமைக்கு எட்டு எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் ஐயாவிடம் சொல்லவில்லை. பழைய பேப்பர்தானே என்று நினைத்தேன். ஆறு மாதம் ஆனால் ஸ்டாம்ப் பேப்பர் செல்லாது என்று வருகிறவர்கள் சொல்லும்போதெல்லாம், அதெல்லாம் இல்லை, எப்போதும் செல்லும் என்று திருத்துகிறவள் நான். அந்த நான்தான் இப்படி நினைத்தேன்.

காட்சி நன்றாக அமைந்தது. அதைச் சொல்லாமல் விடமுடியாது. பனி இறங்கி, தீவட்டி வெளிச்சம் மங்கலாகி, கருங்கல் சுவர் பின்னால் கறுத்து நிற்கும். துரை காகிதத்தை நீட்டுவார். கரடியூர்க்காரர் நிஜ ஸ்டாம்ப் பேடில் பெருவிரலை அழுத்தி, அதை ஜனங்களைப் பார்த்து உயர்த்திக் காட்டுவார். ஒரு சனிக்கிழமை பின்வரிசையிலிருந்து ஒரு பொம்பளை, "வெக்காதீங்க சாமி, வெக்காதீங்க!" என்று கத்திவிட்டார். அவர் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து வைத்தார். பறை நின்றது. எனக்குச் சிலிர்த்துப்போயிற்று. நான் கேட்ட ஒரிஜினல் கிடைத்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

ரிஜிஸ்டர் ஆபீசில் ரேகை வைத்தவர்கள் விரலைத் தலைமயிரில் தேய்த்துக்கொள்வார்கள். மை அப்படித்தான் போகும். கரடியூர்க்காரர் அப்படிச் செய்ததில்லை. காட்சி முடிந்ததும் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு, மண் தேய்த்து, விரல் சிவக்கிறவரை கழுவிக்கொண்டிருப்பார். தக்காளிச் சாதத்துக்குக் கடைசியாகத்தான் வருவார். சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அந்தப் பேப்பரை எடுத்து தகரப் பெட்டியில் போடுவது என் வேலை. ஏழு முறை போட்டேன். கடைசிச் சனிக்கிழமை துரை கப்பலேறுகிற நேரத்தில் பெரிய மழை பிடித்துக்கொண்டது. ஜெனரேட்டரைத் தார்ப்பாயால் மூடினோம், கோட்டுகளை அள்ளினோம், ஜனங்கள் நனைந்துகொண்டே போட்டோ எடுத்தார்கள். பேப்பரை நான் தேடவில்லை. நனைந்து கூழாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் கரடியூர்க்காரர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நான் எழுந்து போனேன்.

"ஒண்ணுமில்லீங்க ரைட்டரம்மா. எங்கூட்டுக்காரி ஒரே தொணதொணப்புங்க. அந்தக் காயிதமெல்லாம் எரிச்சுட்டாங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

"இல்லீங்கண்ணா, பெட்டியிலதான் இருக்குது. நானே எரிச்சர்றேன்."

"எட்டும் இருக்குதுங்களா?"

முதுகுக்குப் பின்னால் ஆபீஸ் ஐயா பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "இருக்குதுங்க" என்றேன்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து ஏழு பேப்பரையும் கட்டில்மேல் பரப்பினேன். அதுவரை நான் அவற்றைப் பார்த்ததெல்லாம் மேடைச் சாமானாகத்தான். அன்றைக்குத்தான் பத்திரம் எழுதுகிறவளாகப் பார்த்தேன். ஒரு வரி எழுத்து இல்லாத ஸ்டாம்ப் பேப்பர். அடியில் ஒரு மனிதனின் தெளிவான ரேகை. மேலே முழுப் பக்கமும் காலி. யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நிலத்தை விற்கச் சம்மதித்தேன் என்று எழுதலாம், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டேன் என்று எழுதலாம். பிறகு பின்பக்கத்தைத் திருப்பினேன். ஸ்டாம்ப் பேப்பர் விற்கிறவர் யாருக்கு விற்றார் என்று எழுதி வைப்பார். எல்லாவற்றிலும் பங்களா நிர்வாகத்தின் பெயர் இருந்தது. எனக்கு மறந்தே போயிருந்தது. வேலையாட்களுக்கு வீடு எடுக்கிற ஒப்பந்தத்துக்கென்று அவர்கள்தான் எங்கள் ஆபீஸ் மூலமாக அவற்றை வாங்கியிருந்தார்கள்.

நிலத்தைக் கேட்டவர்களின் பெயரில் பேப்பர், தரமாட்டேன் என்றவரின் ரேகை. திருட நினைத்த ஒருவன் இதைவிடச் சரியாகச் செய்திருக்க முடியாது. ஏழிலும் குறுக்கே கோடு இழுத்தேன். பிறகு வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

மறுநாள் பங்களாவுக்குப் போனேன். எட்டாவது எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரிசப்ஷனில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில், கண்ணாடி போட்ட மர ஃபிரேமுக்குள் மாட்டியிருந்தார்கள். ஓரத்தில் லேசாக மழைக்கறை. அடியில் ரேகை, ஒரு வரிகூடக் கலையாமல். பெங்களூர்க் குடும்பம் ஒன்று அதன் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் முப்பத்தைந்து வயதுக்காரர், வெளியூர், நல்ல பேச்சு. "பாத்தீங்களா மேடம், வர்றவங்கெல்லாம் இது நிஜமான பத்திரமான்னு கேக்கறாங்க. உங்க வேலைக்கு இதைவிட என்ன மரியாதை வேணும்?" என்றார்.

"அதைக் குடுத்துருங்க சார். டிராமா சாமான்ல சேர்ந்தது."

"எங்க பேர்ல வாங்கின பேப்பர்தானே மேடம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதவருக்கு அது தெரிந்திருக்காது. பிறகு இன்னொன்றும் சொன்னார். "உங்க ஆபீஸ்ல இருந்த எங்க பேப்பர் எப்படி டிராமாவுக்கு வந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் கேக்கலையே. விடுங்க, சுவத்துக்கு அழகா இருக்கு."

அவர் கெட்டவர் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு மிரட்டலா, வெறும் விளையாட்டா என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். என் கைப்பையில் பேனா இருந்தது. அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போன நேரத்தில் ஃபிரேமை இறக்கி, பின்பலகையை நெம்பி, ஒரு கோடு இழுத்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. நான் அங்கிருந்த சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

பயம்தான், வேறென்ன. பத்திரம் எழுத வருகிற கட்சிக்காரரின் காகிதம் என்றால் ஆபீஸ் ஐயாவுக்குச் சாமி மாதிரி. முன்பு ஒரு ஆளை ஒரே ஒரு நகலை வெளியே கொடுத்ததற்காக அன்றைக்கே அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. ஏற்காட்டில் எனக்கென்று இருந்த நாற்காலியும் அது ஒன்றுதான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது நாள் போயிற்று. நடுவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கரடியூர்க்காரரை எதிரே பார்த்துவிட்டேன். திரும்பி நடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"எரிச்சாச்சுங்களா?"

"ஆச்சுங்கண்ணா."

"நொம்ப சந்தோசமுங்க. இன்னைக்காச்சும் அவ தூங்குவா" என்று சிரித்தார். பையிலிருந்து நாலு ஆரஞ்சை எடுத்து என் கூடையில் போட்டார். அந்தப் பழத்தை நான் சாப்பிடவில்லை. கெட்டுப்போகிறவரை சமையலறைச் சன்னலில் இருந்தது.

ஒன்பதாம் நாள் எங்கள் சிப்பாய்களில் ஒருவராக நடித்த ஜீப் டிரைவர் ஆபீசுக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, பங்களாவுக்குக் கீழ்ப்பக்க வேலியோரம் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள் என்றார். சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. நான் கம்ப்யூட்டரை அணைக்காமலேயே எழுந்து, அவர் ஜீப்பிலேயே ஏறிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன்.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"கண்ணாடி ஒடஞ்சிருச்சுன்னு மாத்தறதுக்குக் குடுத்துட்டாங்க மேடம்" என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண். எங்கே கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேனேஜர் லீவில் இருந்தார்.

புல்வெளியைக் கடந்து, வேலியில் இருந்த சின்னப் படலைத் திறந்துகொண்டு கீழே இறங்கினேன். காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. மழைக்குப் பாதை வழுக்கி ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். புடவையெல்லாம் மண். வீட்டு முன்னால் அவரும் அவர் மனைவியும் பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் எண்ணெய் மினுமினுத்தது.

"வாங்க ரைட்டரம்மா, என்னுங்க இது கோலம், உளுந்துட்டீங்களா?" என்று அவர் எழுந்தார்.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமுடியாமல் போய்விடும் என்று தோன்றியது. பேப்பர் யார் பெயரில் வாங்கியது, எப்படி எடுத்தேன், எத்தனை இருந்தது, எது சுவரில் தொங்கியது, இப்போது இல்லை என்பது, எட்டும் இருக்கிறது என்றும் எரித்தாயிற்று என்றும் அவரிடம் இரண்டு முறை பொய் சொன்னது எல்லாம்.

அவர் மனைவிதான் முதலில் பேசினார். கத்தவில்லை. கத்தியைப் பழத்தின்மேல் வைத்துவிட்டு, "இவரு அன்னைக்கே சொன்னாருங்களே, நான் கையெழுத்தே போடறேன்னு. நீங்கெல்லாந்தான் சிரிச்சீங்களாமே" என்றார். அவர்கள் இரண்டு பேரும் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப என்னுங்க பண்ணலாம்?" என்று கேட்டார் அவர்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நடந்தது அத்தனையையும் எழுதி நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். எட்டு ராத்திரியும் அது நாடகம்தான், அந்தப் பேப்பரில் எதுவும் எழுதியிருக்கவில்லை, ரேகை வைக்கச் சொன்னவள் நான் என்று. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒன்று, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒன்று, பங்களாவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. நாளைக்கு யாராவது அந்தப் பேப்பரை எடுத்து நீட்டினால் இதைக் காட்டலாம்.

"காட்டுனா போதுமுங்களா?"

"தெரியாதுங்க. ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலைங்க."

"எழுதுனா உங்க வேலைங்க?"

"போயிருமுங்க."

அவர் எழுந்தார். உள்ளே போய் ஒரு நாற்காலியும், அடியில் வைத்து எழுத ஒரு அட்டையும் கொண்டுவந்து போட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் நாற்காலியில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஐயா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பீரோச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி ரசீது கொடுத்தார்கள். ஃபிரேம் கடையிலேயே தொலைந்துவிட்டது என்றார் மேனேஜர். வேலியோரம் அளந்தது தண்ணீர்க் குழாய் போட என்றார். இருக்கலாம். இந்தக் கோடையில் காட்சி நடத்த யாரும் கூப்பிடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பேப்பர் எங்கே இருக்கிறது என்று இதை எழுதுகிற இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கரடியூர் ரோட்டில் புதிதாக ஏதாவது கார் நின்றால் யார் இறங்குகிறார்கள் என்று நின்று பார்க்கிறேன். அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கக்கூடப் பயமாக இருக்கிறது.

அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையாலேயே எழுதினேன். நாலு பிரதி. கைப்பையில் வெள்ளைத்தாளும் சின்ன ஸ்டாம்ப் பேடும் எப்போதும் இருக்கும். எழுதி முடித்ததும் அவர் கையில் இருந்த எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாக, மேடையில் பேசுகிற அதே குரலில் படித்தார். மனைவி கேட்க வேண்டுமென்பதற்காகச் சத்தமாகப் படித்தார் என்று நினைக்கிறேன். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"நீங்க எங்கிட்டப் பொய் சொன்னது இதுல இல்லீங்களே."

"அது எதுக்குங்கண்ணா?"

"நடந்ததெல்லாம்னு சொன்னீங்க."

அதையும் சேர்த்து நாலையும் மறுபடி எழுதினேன். கை வலித்தது. அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் பைமேல் திறந்து கிடந்த ஸ்டாம்ப் பேடைப் பார்த்தார்.

"அதையும் வெச்சிருங்க ரைட்டரம்மா."

கையெழுத்துத் தெரிந்தவர்களுக்கு ரேகை வேண்டியதில்லை என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. இடது பெருவிரலை மையில் அழுத்தினேன். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேருடைய விரலைப் பிடித்து உருட்டி வைத்திருக்கிறேன். என் விரலை வைத்தது அன்றைக்குத்தான். மை சில்லென்றிருந்தது. நாலு முறை வைத்தேன். விரலை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமயிரில் தேய்த்துக்கொண்டேன்.

அவர் நாலு தாளையும் அட்டைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். அவசரத்தில் எழுத்தை முக்கால் பக்கத்தில் முடித்துவிட்டுக் கையெழுத்தையும் ரேகையையும் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் வைத்திருந்தேன். நடுவில் நாலு விரற்கடை வெற்றிடம். நான் கவனிக்கவில்லை.

என் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் அந்த இடத்தின் குறுக்கே, கோணாமல், ஒரு கோடு இழுத்தார். நாலாவதையும் முடித்து, மூடியைத் திருகி, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"காலி இடம் இருந்தா யாராச்சும் எதாச்சும் எழுதிருவாங்க, ரைட்டரம்மா" என்றார்.